சூடாய்ப் போன கரண்ட்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் கெங்குவார்பட்டி. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற பஸ்ஸில், காட்ரோடு வந்ததும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் 'ஆகா, கொடைக்கானல் மலை!' என்று ஜன்னல் பக்கம் சாய்வார்கள். சாயாமல் தூங்கிக்கொண்டிருப்பவன் எவனோ, அவன் எங்கள் ஊர்க்காரன்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் ஏழரை ஆகியும் தோப்புக்குப் போன அப்பா வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"போன் போட்டுப் பாரேன்டா."

போட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"மத்தியானத்துலருந்து அப்படித்தேன் சொல்லிக்கிட்டிருக்கா" என்றார் அம்மா, அந்தப் பெண் மீது கோபமாக.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் மாந்தோப்பு மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பாம்பும் வரும், பன்றியும் வரும். வாய்க்கால் ஓரமாக அப்பா உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு வழுக்கி விழுந்திருக்கிறார். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. எழுந்து நடக்க முடியாமல் நாலு மணி நேரமாக அங்கேயே.

"போன் பண்ணியிருக்கக் கூடாதாப்பா?"

"விழுந்ததும் அதைத்தேன் எடுத்தேன். அது எனக்கு முன்னாடியே ரெண்டு மணிக்குச் செத்துப் போச்சு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த போன் நான் கொடுத்தது. புதுசு வாங்கினதும் பழசை அப்பா தலையில் கட்டி நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தேன்.

வீட்டில் இருந்தால் அதே போன் ஒன்றரை நாள் தாங்குகிறது. தோப்புக்குப் போனால் மத்தியானத்துக்குள் காலி. அதோடு, சட்டைப் பையில் வைத்தால் நெஞ்சைச் சுடுகிறதாம். "கோழிமுட்டைய கூட வச்சா அவிஞ்சிரும் போலடா" என்றார் அப்பா, கட்டுப் போட்ட காலோடு.

நான் பி.காம். மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, பில் கட்டுவது, எப்போதாவது ஷாக் அடிப்பது, இவ்வளவுதான். ஆனால் என்னோடு ஸ்கூலில் படித்த ஒருவன் இப்போது செல்போன் டவர்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறான். அவனைக் காட்ரோடு டீக்கடைக்கு வரவழைத்து வழக்கை வைத்தேன்.

"பேட்டரி பழசு. அது ஒரு காரணம். ஆனா வீட்டுல தாங்குதுல்ல? அப்ப மெயின் குத்தவாளி பி.ஏ.தான்" என்றான்.

"பி.ஏ.வா? நம்ம செட்டுல பி.ஏ. படிச்சவன் வாத்தியாராப் போயிட்டானே?"

"பவர் ஆம்ப்ளிஃபயர்டா!"

ஆம்ப்ளிஃபயர் என்றால் எனக்குத் தெரிந்தது திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறவரிடம் இருக்கிற பெட்டிதான். மைக்கில் மெதுவாகப் பேசினால் ஊரே கேட்கும். பெட்டியின் பின்னால் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். குளிர்கால ராத்திரிகளில் அதில் கையைச் சூடு பண்ணிக்கொள்வோம். அதே சாமான் செல்போனுக்குள் உளுந்து சைஸில் இருக்கிறதாம். குரலைப் பெருக்குவதற்குப் பதில், விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை துடிக்கிற ரேடியோ அலையைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புகிறது. இந்தப் பக்கம் மலை மேலே, சுமார் 7,000 அடி உயரத்தில், கோடை எஃப்.எம். 10 கிலோவாட்டில் ஒலிபரப்புகிறதே, அதன் டிரான்ஸ்மிட்டரில் இருப்பதும் இதே ஜாதிதான். அங்கே 10,000 வாட். அப்பாவின் 4ஜி போனில் ரொம்ப முக்கினால் 0.2 வாட். நடுவில் டவர், சில பத்து வாட்கள். சைஸ்தான் வேறு, மூன்றுக்கும் வியாதி ஒன்று.

வியாதி இதுதான். ஆம்ப்ளிஃபயர் சக்தியை உண்டாக்குவதில்லை. பேட்டரியிலிருந்தோ கரண்ட் கம்பியிலிருந்தோ வாங்கித்தான் கொடுக்கிறது. கமிஷன் எடுக்காமல் கொடுப்பதில்லை.

இந்த இடத்தில் என் பி.காம். விழித்துக்கொண்டது. ஒரு ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, முப்பத்தைந்து பைசாவுக்கு மட்டும் விற்று, மிச்சத்தைத் தெருவில் கொட்டினால் அது என்ன வியாபாரம்? ஏறக்குறைய அதைத்தான் அப்பாவின் சட்டைப் பைக்குள் அந்த உளுந்து செய்துகொண்டிருக்கிறது. கொட்டிய அறுபத்தைந்து பைசாதான் அவர் நெஞ்சைச் சுட்டது.

"ஏன் கொட்டுது?"

நண்பன் டீ டம்ளரை வைத்துவிட்டு, "மஞ்சளாறு டேம்ல ஷட்டர் தூக்கறதைப் பாத்திருக்கியா?" என்றான்.

ஷட்டர் முழுக்க மூடியிருந்தால் பின்னால் தண்ணீரின் அழுத்தம் இருக்கும், ஓட்டம் இருக்காது. முழுக்கத் திறந்துவிட்டால் ஓட்டம் இருக்கும், தடுக்கிற அழுத்தம் இருக்காது. இரண்டிலும் ஷட்டருக்கு நோவு இல்லை. பாதி திறந்து வைத்தால்தான் தண்ணீர் மோதி, நுரைத்து, இரைந்து, சக்தியெல்லாம் அங்கேயே வீணாகிறது. டிரான்சிஸ்டரும் ஒரு ஷட்டர்தான். அழுத்தம் என்பது வோல்ட். ஓட்டம் என்பது ஆம்பியர். இரண்டும் ஒரே நேரத்தில் டிரான்சிஸ்டர் தலையில் உட்கார்ந்தால், இரண்டையும் பெருக்கி வருவது அத்தனையும் சூடு.

இதை வைத்து ஆம்ப்ளிஃபயர்களுக்கு க்ளாஸ் பிரித்திருக்கிறார்கள். ரயில்வே மாதிரி இல்லை, ஆபீஸ் மாதிரி.

ஏ க்ளாஸ், எப்போதும் பாதி திறந்த ஷட்டர். சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுச் சம்பளம் வாங்கும். மிக உண்மையான ஊழியர், கொடுத்ததை அட்சரம் பிசகாமல் பெருக்கித் தருவார். ஆனால் உச்சகட்டத்தில், அதுவும் காகிதக் கணக்கில், 50 சதவீதத்தைத் தாண்ட மாட்டார். பி க்ளாஸில் இரண்டு பேர் பாதிப் பாதி ஷிஃப்ட். ஒருவர் அலையின் மேல் பாதி, ஒருவர் கீழ்ப் பாதி. காகிதக் கணக்கு 78.5 சதவீதம். சி க்ளாஸ்காரர் வருவார், ஒரு கையெழுத்து போடுவார், போய்விடுவார். ஒவ்வொரு அலையிலும் பாதி நேரத்துக்கும் குறைவாகத்தான் சீட்டில் இருப்பார். திறமைக் கணக்கில் மூவரில் இவர்தான் முதல்! (இந்தப் பத்தியை உங்கள் மேனேஜரிடம் காட்டிவிடாதீர்கள்.)

கொஞ்ச நேரம் மட்டும் வேலை செய்தால் மிச்ச அலையை யார் செய்கிறார்கள்? ஊஞ்சல். குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது கூடவே ஓடுகிறோமா? ஒரு தள்ளு தள்ளிவிட்டு நிற்கிறோம். அது போய், தானே வருகிறது. ஒரு கம்பிச்சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்தால் மின்சாரத்துக்கு அப்படி ஓர் ஊஞ்சல். சரியான நேரத்தில் தள்ளுவது மட்டும் டிரான்சிஸ்டர் வேலை.

எஃப்.எம்.முக்கு இந்த ஊஞ்சல் அளவெடுத்துத் தைத்த மாதிரி. எஃப்.எம். அலையின் உயரம் மாறுவதே இல்லை. அறிவிப்பாளர் கிசுகிசுத்தாலும் கத்தினாலும், துடிக்கிற வேகம்தான் லேசாகக் கூடிக் குறையும். அதனால் ஆம்ப்ளிஃபயரை தைரியமாக முழு வேகத்தில் ஓட்டலாம். இன்றைய எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களில் 70 சதவீதத்தைத் தொடுவது அதிசயமில்லை.

50-க்கும் 70-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் கணக்கு எழுதிப் பிழைத்தவர்கள் இல்லை. 10 கிலோவாட் வெளியே அனுப்ப, 50 சதவீதக் கருவி 20 கிலோவாட் கேட்கும். 70 சதவீதக் கருவிக்கு 14.3 போதும். வித்தியாசம் 5.7 கிலோவாட். நாள் முழுக்க ஓடினால் 137 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட வருஷத்துக்கு 4 லட்சம் ரூபாய். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபேனும் ஏ.சி.யும் வேறு.

நம் ஊர் ரேடியோவுக்குக் காசுக் கஷ்டம் பிறவியிலேயே உண்டு. 1924-ல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் என்று சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று ஆரம்பித்தார். முதலில் 40 வாட் டிரான்ஸ்மிட்டர். இப்போது நம் வீட்டு ஹாலில் எரிகிற ரெண்டு டியூப்லைட் அதைவிட அதிகம் சாப்பிடும். பிறகு 200 வாட்டுக்கு உயர்த்தினார்கள். 1927-ல் பணமில்லாமல் மூடிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1930-லிருந்து மாநகராட்சி அதை வைத்து ஒலிபரப்பு நடத்தியது. குப்பை அள்ளுகிற இலாகாவும் சங்கீதம் போடுகிற இலாகாவும் ஒரே கட்டடத்தில் இருந்த பொற்காலம்.

சி க்ளாஸுக்கு மேலே போக முடியாதா? 1975 ஜூனில் அமெரிக்காவில் ஓர் அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்பா நேதன் சோகல், மகன் ஆலன் சோகல். பையனுக்கு அப்போது இருபது வயதுதான். என் இருபதாவது வயதில் நானும் என் அப்பாவும் சேர்ந்து செய்த ஒரே காரியம், பேசாமல் இருந்தது.

அவர்கள் சொன்னது ஷட்டர்காரருக்குப் புரிகிற விஷயம். ஷட்டரை முழுசாகத் திற, அல்லது முழுசாக மூடு, நடுவில் நிற்காதே. இது முன்னாலேயே தெரிந்ததுதான். ஆனால் விநாடிக்கு லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான தடவை திறந்து மூடும்போது, திறக்கிற அந்தத் துளி நேரமே பெரிய நஷ்டமாகிறது. அந்தத் துளி நேரத்தில் ஷட்டர் பாதி திறந்துதானே இருக்கும்? சோகல்கள் செய்தது, பின்னால் ஒரு கம்பிச்சுருளையும் கெப்பாசிட்டரையும் கணக்காக அமைத்து, அழுத்தம் தானாகவே பூஜ்யத்துக்கு இறங்கிவருகிற க்ஷணத்துக்காகக் காத்திருந்து திறப்பது. அழுத்தமே இல்லாதபோது திறந்தால், மெதுவாகத் திறந்தாலும் நஷ்டமில்லை. ஈ க்ளாஸ் என்று பெயர் வைத்தார்கள். 3.9 மெகாஹெர்ட்ஸில் 26 வாட் எடுத்து, டிரான்சிஸ்டர் அளவில் 96 சதவீதம் என்று காட்டினார்கள். ஒரு ரூபாய் சரக்கில் நாலு பைசாதான் சேதாரம். நகைக்கடைக்காரர்கள் தலைகுனிய வேண்டும்.

அந்த மகன் பின்னால் இயற்பியல் பேராசிரியராகி, வேண்டுமென்றே அர்த்தமில்லாத கட்டுரை ஒன்றை எழுதி ஒரு கனமான பண்பாட்டு ஆய்விதழுக்கு அனுப்ப, அவர்கள் 1996-ல் பக்தியோடு பிரசுரிக்க, இவரே 'அது சும்மா' என்று போட்டு உடைத்து ரகளையானது. அதே ஆலன்தான். சூட்டைக் குறைக்கும் கட்டுரையில் ஆரம்பித்தவர் சூட்டைக் கிளப்பும் கட்டுரைக்குப் போய்விட்டார்.

"அப்புறம் என்ன? எல்லா போன்லயும் இந்த ஈ-யைப் புடிச்சுப் போட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

நண்பன் சிரித்தான். அங்கேதான் 4ஜி-யின் கோளாறு.

எஃப்.எம்.மில் அலையின் உயரம் மாறாது என்றேன் அல்லவா? 4ஜி டவரில் இருந்து வருகிற அலையில் உயரமும் சேதி சொல்கிறது. நூற்றுக்கணக்கான குட்டி அலைகளைக் கூட்டி ஒரே அலையாக அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும். திடீரென்று எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் சராசரியைப் போல ஏழெட்டு மடங்கு எகிறும். அந்த உச்சியை வெட்டினால் சேதி கெடும், பக்கத்து அலைவரிசைக்காரனும் சண்டைக்கு வருவான். ஆகவே எப்போதோ வருகிற உச்சிக்காகப் பெரிய ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் அரையும் குறையுமாக ஓட்ட வேண்டியிருக்கிறது. ஷட்டர் மறுபடி பாதி திறப்புக்கு வந்துவிட்டது.

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். பெரியகுளம் ரூட்டில் ஒரு நாள் முகூர்த்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு பஸ் நீளத்துக்கு ஒரே பஸ் வாங்கி வருஷம் முழுக்க ஓட்டினால் டீசலுக்கே டெப்போவை விற்க வேண்டும். என்ன செய்கிறார்கள்? வழக்கமான பஸ்ஸை நிரப்பி ஓட்டுகிறார்கள். கூட்டம் வந்தால் மட்டும் பின்னால் ஒரு ஸ்பெஷல்.

1936-ல் இதையே செய்தவர் வில்லியம் டோஹர்ட்டி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். முப்பது வயது ஆகவில்லை. அப்போது செல்போன் ஏது? பெரிய மீடியம் வேவ் நிலையங்களுக்குத்தான் அந்தத் தலைவலி; மீடியம் வேவிலும் அலையின் உயரம்தான் சேதி. டோஹர்ட்டி இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஜோடி சேர்த்தார். ஒன்று எப்போதும் ஓடும். உச்சி வரும்போது மட்டும் இரண்டாவது எழுந்து வரும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டாவது எழுந்து தள்ளத் தள்ள முதலாவது தன் முழுக் கொள்ளளவிலேயே, அதாவது நிரம்பிய பஸ்ஸாகவே, தொடர்ந்து ஓடும். அதுவரை மூன்றில் ஒரு பங்கு கரண்டைத்தான் காற்றில் ஏற்ற முடிந்தது. அவர் 60 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினார்.

வால்வு காலம் போய் டிரான்சிஸ்டர் வந்த சந்தடியில் அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். செல்போன் டவர்கள் பெருகி, கரண்ட் பில் கழுத்தைப் பிடித்தபோது யாரோ பழைய கட்டைத் தூசி தட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு டவர்களில் மேலே இருக்கிற பெட்டிகளுக்குள் பெரும்பாலும் டோஹர்ட்டியின் ஜோடிதான் உட்கார்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் மட்டும் காலியம் நைட்ரைடு என்று நவீனமாகிவிட்டது.

"கரண்ட் போனா பேட்டரி, பேட்டரி போனா டீசல். டீசலை ஊத்தி கரண்ட் எடுத்து, அதுல பாதியச் சூடாக்கி, அந்தச் சூட்டைத் தணிக்க இன்னொரு மிசினு. எங்க வேலையே இதுதாண்டா" என்றான் நண்பன். இரண்டாவது டீ வந்தது. அதுவும் ஆறிப்போயிருந்தது. இயற்கை விதி எல்லோருக்கும் பொது.

டவருக்கு டோஹர்ட்டி இருக்கிறார். அப்பாவின் உளுந்துக்கு யார்? 4ஜி-க்கு விதி எழுதியவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். டவரிலிருந்து போனுக்கு வரும் பாதைக்கு ஒரு முறையும், போனிலிருந்து டவருக்குப் போகும் பாதைக்கு வேறொரு முறையும் வைத்தார்கள். போன் அனுப்பும் அலையில் உச்சிகள் அவ்வளவாக எகிறாது. உலகம் முழுக்க இருந்து எஞ்சினியர்கள் கூடி உட்கார்ந்து, இந்த உளுந்து தாங்க வேண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். வாழ்க அவர்கள்.

அப்படியும் அப்பாவின் போன் ஏன் செத்தது?

டவர் பக்கத்தில் இருந்தால் போன் கிசுகிசுத்தால் போதும். தன் முழு பலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. எங்கள் தோப்பில் சிக்னல் ஒரு கோடு. அதுவும் காற்றடித்தால் காணோம். டவர், 'கேக்கல, சத்தமாப் பேசு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். போன் 0.2 வாட்டில் தொண்டை கிழியக் கத்தும். அதற்கு அந்த உளுந்து பேட்டரியிலிருந்து அரை வாட்டுக்கு மேல் உறிஞ்சும். போய்ச் சேராவிட்டால் அதே சேதியைத் திரும்ப அனுப்பும். சிக்னலே அறுந்தால் எந்த டவர் கிடைக்கும் என்று தேட ஆரம்பிக்கும்.

"சும்மா பைக்குள்ள இருக்கிற போன் யார்கிட்டடா கத்தும்? அப்பா யாருக்கும் பேசறதில்லையே" என்றேன்.

போனை வாங்கி நோண்டினான். அப்பா காலையில் தோப்பில் இறங்கியதும் மாம்பூவையும் பிஞ்சையும் படம் எடுக்கிறார். பத்து, இருபது. வியாபாரிக்குக் காட்டவாம். அந்தப் படங்களைத் தானாகவே இன்டர்நெட்டில் ஏற்றிப் பத்திரப்படுத்தும்படி ஒரு ஏற்பாடு போனில் இருந்தது. ஒரு கோடு சிக்னலில், ஒவ்வொரு படத்தையும், விடாப்பிடியாக, மூச்சு முட்ட மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது அந்த உளுந்து.

"இதை யாரு ஆன் பண்ணி வச்சது?"

நான்தான். போன் கொடுத்த அன்றைக்கு, 'எல்லாம் செட் பண்ணிட்டேன்ப்பா, நீங்க ஒண்ணையும் தொட வேணாம்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தவன். அப்பாவும் சொன்ன பேச்சு தட்டாமல் எதையும் தொடவில்லை.

நண்பன் அதை அணைத்தான். தோப்பில் டேட்டாவையே அணைத்து வைக்கச் சொன்னான்; போன் பேசுவதற்கு அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்றும் செட்டிங் மாற்றிக் கொடுத்தான். உடம்போடு ஒட்டி வைத்தால் உடம்பே கொஞ்சம் அலையை விழுங்கிவிடும், உயரமான இடத்தில் வைத்தால் நல்லது என்றான். நான் புது பேட்டரி வாங்கிப் போட்டேன்.

அப்பா அவர் பங்குக்கு ஆராய்ச்சி செய்தார். கால் சரியானதும் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோப்பு முழுக்க நொண்டி நொண்டி நடந்து, மோட்டார் ரூம் பக்கத்து மரத்தில் மேல் கிளையில் மூன்று கோடு வருகிறது என்று கண்டுபிடித்தார். இப்போது ஒரு மஞ்சப்பையில் போனைப் போட்டு அந்தக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார். 'கீழ விழுந்தா எப்படிப்பா ஏறி எடுப்பீங்க' என்று கேட்டேன். பையில் கயிறு கட்டி, கயிற்றைத் தரை வரைக்கும் தொங்கவிட்டிருக்கிறாராம்.

போன் இப்போது ராத்திரி வரைக்கும் உயிரோடு இருக்கிறது. தினம் நாலு மணிக்கு நான் கூப்பிடுகிறேன். நன்றாக மணி அடிக்கிறது. மோட்டார் சத்தத்தில் அப்பாவுக்குத்தான் கேட்பதில்லை.